வேண்டுமென்றே தோற்றவர்

1910 ஜனவரி 8, சனி

இன்றும் இவர் தோற்றார். வேண்டுமென்றே தோற்றதாகச் சொன்னார்.

இவர் என்றால் என் கணவர். எனக்கு மட்டுமே உரிய இந்தப் புத்தகத்தில்கூட அவர் பெயரை எழுதக் கை வரவில்லை. மற்றவர்கள் தில்லையம்பலம் என்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் இவர் வேலை பார்க்கும் கந்தோர் ஒரு மணிக்கு மூடும். இரண்டரைக்கு நால்வரும் எங்கள் மேல்வீட்டு முன்னறையில் பாயில் உட்கார்ந்தார்களென்றால் ஆறுக்குத்தான் எழுவார்கள். இவருடைய கந்தோரின் பெரிய கிளாக்கர் விஸ்வலிங்கம்; ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் தங்கராஜு; கீழே கைலிக் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது அண்ணன்; இவர். விளையாட்டு, முந்நூற்று நாலு. யாழ்ப்பாணத்தார் கப்பலேறும்போது திருநீற்றுப் பையை மறந்தாலும் மறப்பார்கள், அந்தக் கடதாசிக் கட்டை மறக்கமாட்டார்கள். நெய்னா அண்ணன் நாகப்பட்டினத்துக்காரர். அவர் அதைச் 'சீட்டு' என்பார். ஒன்றரை வருடம் விளையாடியும் 'கடதாசி' என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பெரிய கிளாக்கரும் தங்கராஜுவும் ஒரு பக்கம். இவரும் நெய்னா அண்ணனும் எதிர்ப்பக்கம். தோற்ற இருவரும் காதில் ஆளுக்கொரு வெற்றிலையைச் செருகிக்கொண்டு, வென்றவர்களைத் தெருவில் ரிக்‌ஷா வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டும். சிங்கப்பூரின் இந்தப் பஃபலோ ரோட்டில் மாடு கட்டுகிற ஆட்களுக்குக்கூட இவர் காது பழகிவிட்டது.

"பெரியவர் வெண்டால் அவருக்கு மனம் குளிரும். மனம் குளிர்ந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் வேலைக்கு ஆற்ற பேரை எழுதுவார்?" என்று இவர் கேட்டார்.

"உங்கட பேரை."

"அதுதான் விசயம். தோக்கிறதும் ஒரு உத்தியோகம், இஞ்சேரும்."

பாவம் நெய்னா அண்ணன். அவருடைய கடைக்கு அவரேதான் பெரிய கிளாக்கர். ஒரு பதவியும் வேண்டாதவர், வாராவாரம் வெற்றிலையோடு நிற்கிறார்.

ஜனவரி 15, சனி

பொங்கல் முடிந்து மறுநாள். தோல்வி.

காப்பி கொண்டுபோகும்போது நான்கு பேருடைய முதுகுப் பக்கமும் சுற்றி வருகிறேன். நான்கு கையையும் பார்க்கிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஒன்றரை வருடம் பார்த்தால் அடுப்புக்கும் விளையாட்டு விளங்கிவிடும்.

இந்த விளையாட்டில் ராஜாவுக்கு மூன்று புள்ளி, ராணிக்கு இரண்டு. ஜாக்கி என்கிற சேவகனுக்கு முப்பது! ஒன்பதுக்கு இருபது. பிறகுதான் ஆஸும் பத்தும். நான்கு இனத்தையும் கூட்டினால் முந்நூற்று நாலு. இதை உண்டாக்கியவன் ராஜாவாக இருக்க முடியாது. நிச்சயம் ஒரு கிளாக்கர்தான். கையில் பலமுள்ளவர் "நூற்றறுபது" என்றோ அதற்கு மேலோ கேட்பார். அத்தனை புள்ளியை நானும் என் கூட்டாளியும் எடுத்துக் காட்டுவோம் என்று அர்த்தம். கேட்டவர் ஒரு கடதாசியைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் துரும்பு. மற்ற எதையும் அது வெட்டும். ஆனால் அது எந்த இனம் என்று வைத்தவருக்கு மட்டுமே தெரியும். மற்ற மூவரும் ஊகிக்க வேண்டும். கலியாணமாகி ஆறு வருடம். ஊகிப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

இன்று இவர் கையில் இரண்டு ஜாக்கியும் ஓர் ஒன்பதும் வந்தன. "எனக்கு வேண்டாம்" என்று விட்டுவிட்டார். அப்படியே ஒரு தயக்கமும் இல்லாமல். வேண்டுமென்றே செய்ததென்றால், நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்க வேண்டியவர்.

ஜனவரி 22, சனி

மழை. தோல்வி. வெற்றிலை.

பிப்ரவரி 5, சனி

தங்கராஜுவைச் சிரம்பானுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது, "அக்கா, உங்க காப்பி அங்க கெடைக்காது" என்றான். சிரம்பானில் காப்பித் தோட்டமே இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

பிப்ரவரி 12, சனி

மூன்று பேர். சீனப் பெருநாள் வெடிச் சத்தம் தெரு முழுக்க. முன்னறையில் மட்டும் யாரோ செத்துவிட்டது போல. மூன்று பேருக்கு வேறு விளையாட்டு இருக்கிறது என்று நெய்னா அண்ணன் சொல்லிப் பார்த்தார். பெரிய கிளாக்கர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்தினார்.

ஐந்து மணிக்கு எழுந்தார் பெரியவர். படியிறங்கும்போது, "முத்துசாமி வீட்டிலயும் சனிக்கிழமையில விளையாடுகினமாம்" என்று, வானிலை சொல்வது போலச் சொன்னார்.

முத்துசாமி இவருடன் ஒரே மேசையில் வேலை பார்ப்பவர். அதே ஃபர்ஸ்ட் கிளாஸ் வேலைக்குக் காத்திருப்பவர். இவர் இரவு சாப்பிடவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

"இஞ்சேரும்" என்றார். குரல் மெதுவாக வந்தால் ஏதோ கேட்கப் போகிறார். "வாற சனி நீர் நாலாவது ஆளா இரும்."

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

"நீர் ஒண்டும் விளையாட வேண்டாம். சும்மா கடதாசியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தால் காணும். பெரியவற்ற பக்கத்துக்கு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

அதற்கும் வழி வைத்திருந்தார். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் நான். கையை மட்டும் நீட்டிக் கடதாசியை வைத்துவிட்டு இழுத்துக்கொள்ள வேண்டும்.

திரைத் துணி நெய்னா அண்ணன் கடையிலிருந்து வருமாம். ஆக, அவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாக எனக்கு.

பிப்ரவரி 19, சனி

திரையோடு விளையாடினேன். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட துணி. அந்தக் கட்டங்கள் எத்தனை என்று இப்போது சொல்வேன்.

"நூற்றெண்பது" என்றேன் நான்காம் ஆட்டத்தில். வெளியில் இருந்தவர்களுக்குத் திரை பேசியது போல இருந்திருக்கும். "என்னெண்டு சொன்னீர்?" என்றார் பெரியவர். மறுபடி சொன்னேன். எடுத்தும் காட்டினேன், இருநூற்றுப் பதினாறு.

ஆட்டம் முடிந்து இவர் உள்ளே வந்தபோது முகத்தில் சந்தோசமும் இல்லை, கோபமும் இல்லை. பெரியவர் வென்றார், இவர் திட்டப்படி எல்லாம் நடந்திருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒன்று திட்டத்தில் இல்லாதது.

"ஆர் சொல்லித் தந்தது?"

"காப்பி" என்றேன்.

மார்ச் 5, சனி

திரை போய்விட்டது. பெரிய கிளாக்கர்தான் கழற்றினார். "பிள்ளையின்ர முகம் தெரியாட்டி என்ன நினைக்குது எண்டு எப்பிடி எனக்குத் தெரியும்? கூட்டாளியெண்டால் முகம் தெரியவேணும்" என்றார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, மனைவியும் மூன்று பெண்களும் யாழ்ப்பாணத்து அளவெட்டியில். கிழமைக்கொரு கடிதம் வருகிறதாம். வீடு வேய்ந்தாயிற்று, மாடு கன்று போட்டது, இப்படி.

கழற்றின துணியை நெய்னா அண்ணனின் மனைவி ஆமினா பீவி சட்டை தைக்க எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 26, சனி

செவ்வாய், புதன், வியாழன்: சோறு, கறி, துணி, தேக்கா சந்தையில் மீன். சனிக்கிழமை மூன்றரை மணி நேரம் மட்டும் ஒருவர் என்னைப் பார்த்து, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்கிறார். அதற்காகக் காத்திருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 23, சனி

பெரியவருக்குக் கால்வீக்கம், வரவில்லை. வந்த நெய்னா அண்ணன் எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று ஆமினா பீவியை மேலே கூப்பிட்டேன். அவள் சிங்கப்பூரிலேயே பிறந்தவள், தாய் மலாய்க்காரி. பல்லாங்குழி போன்ற சொங்காக் குழிகளில் சோழி போட்டு என்னை எத்தனையோ தடவை தோற்கடித்தவள். ஆனால் கடதாசியைத் தொட்டதில்லை.

"ஆலாமக், இதுல ராஜாவுக்கு மதிப்பே இல்லயா?" என்று சிரித்தாள். ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். பிறகு நானும் அவளும் ஒரு பக்கம், ஆண்கள் எதிர்ப்பக்கம்.

இங்கே பெரிய கிளாக்கர் இல்லை. மனம் குளிர வேண்டியவர் யாரும் இல்லை. இவருக்குத் தோற்க ஒரு காரணமும் இல்லை. முழங்கையை மடித்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு கடதாசிக்கும் அரை நிமிடம் யோசித்து விளையாடினார்.

ஆறு ஆட்டம். ஆறும் எங்களுக்கு.

"ரஞ்சிதம், ஒங்க வீட்டுக்காரவங்க மரியாதைக்கு விட்டுக் குடுக்குறாங்களா?" என்று ஆமினா அடுக்களையில் கேட்டாள்.

"ஓம். மரியாதைக்கு" என்றேன்.

ஆறு வருடமாக ஊகித்தவளுக்கு இது மட்டும் தெரியாமல் போயிற்றே.

மே 7, சனி

மகாராஜா எட்வர்டு காலமானார் என்று தந்தி. கொடிகள் அரைக் கம்பத்தில். துக்கத்தை முன்னிட்டுப் பெரியவர் ஜன்னலைச் சாத்திவிட்டு விளையாடச் சொன்னார். ராஜா கடதாசி கைக்கு வந்தபோதெல்லாம் ஒரு கணம் தலை குனிந்தார். பிறகு மூன்றே புள்ளிதான் என்று இறக்கினார்.

மே 20, வெள்ளி

மகாராஜாவின் அடக்கம். கந்தோர் விடுமுறை. நால்வரும் பயபக்தியோடு காலையிலிருந்தே விளையாடினோம். வென்றோம்.

ஜூன் 11, சனி

நடு ஆட்டத்தில் பெரியவர் சொன்னார்: "பினாங்குக் கந்தோரில ஃபர்ஸ்ட் கிளாஸ் இடம் ஒண்டு காலியாம். இஞ்சயிருந்து ஓராளை அனுப்பட்டாம்."

இவர் கையிலிருந்த கடதாசிகள் விசிறி போல விரிந்து அப்படியே நின்றன.

"முறைப்படி தில்லையம்பலத்தின்ர பேரைத்தான் எழுதவேணும்" என்றார் பெரியவர். என் பக்கம் திரும்பினார். "ஆனா பாரும் பிள்ளை, நீங்கள் போயிட்டால் சனிக்கிழமையில நான் ஆரோட விளையாடுறது? அதுதான் யோசிக்கிறன்."

எல்லோரும் சிரித்தோம். இவர்தான் அதிகம் சிரித்தார். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அப்படியே அதில் சாய்ந்து நின்றார்.

ஜூன் 12, ஞாயிறு

"எல்லாம் உம்மாலதான்."

"நான் என்ன செய்தன்? இருக்கச் சொன்னது நீங்கள்."

"இருக்கச் சொன்னன். வெல்லச் சொன்னனோ? சும்மா பிடிச்சுக்கொண்டு இரும் எண்டுதானே சொன்னன்! இப்ப பாரும், நீர் விளையாடின விளையாட்டுக்கு என்னைக் கட்டி வைச்சிருக்கப் போறார் அந்தாள்."

இனி நான் தோற்க வேண்டுமாம். இரண்டு மூன்று சனிக்கிழமை மோசமாக விளையாடினால் பெரியவருக்கு அலுத்துவிடும். போய்த் தொலையட்டும் என்று பேரை எழுதிவிடுவார். "நான் ரெண்டு வருசம் தோத்தன். உமக்கு மூண்டு கிழமை ஏலாதோ?"

நான் கேட்டனோ? அடுப்படியில கிடந்தவளைக் கூப்பிட்டு இருத்தினது ஆர்? துணி கட்டினது ஆர்? ஒரு மனுசர் என்னைக் கூட்டாளி எண்டு சொன்னார், அது பொறுக்கேல்லை. இல்லை, அப்படி இல்லை. இவர் பாவம். எட்டு வருடம் அதே மேசை. முத்துசாமி போய்விட்டால் இன்னும் எட்டு வருடம். பினாங்கில் மூன்று அறை வீடு கொடுப்பார்கள்.

சரி என்று சொன்னேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 18, சனி

முதல் நான்கு கடதாசியிலேயே ஆட்டின் என்கிற சிவப்பு இதய இனத்திலேயே ஜாக்கி, ஒன்பது, ஆஸ். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கை எனக்கு வந்ததில்லை. "எனக்கு வேண்டாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கடதாசிகளை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டேன்.

நெய்னா அண்ணன் வெட்டுவார் என்று தெரிந்தே என் ஜாக்கியை இறக்கினேன். வெட்டினார். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக இவர் பக்கம் வென்றது. பெரியவர் தாமே வெற்றிலையை எடுத்துக் காதில் செருகினார். எனக்கும் ஒன்றை நீட்டினார். ரிக்‌ஷா யாருக்கும் தேவைப்படவில்லை. வென்றவர்கள் இருவரும் இதே கட்டடத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் விதி விதிதான் என்று நால்வரும் தெரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம்.

இவர் இரவு மூன்று தடவை சோறு வாங்கினார். "கேக்கவேண்டிய இடத்தில கேட்டன், பாத்தீரோ?"

"பாத்தன்" என்றேன்.

ஜூன் 25, சனி

மறுபடி. இவர் இப்போது நெய்னா அண்ணனுக்கு நுணுக்கங்கள் சொல்லித் தருகிறார். பினாங்கைப் பற்றி இந்த வாரம் பேச்சே இல்லை.

படியில் நெய்னா அண்ணன் என்னை நிறுத்தினார். "தங்கச்சி, நான் வியாபாரி. ஏன் கெடச்சுதுன்னு தெரியாத லாபம் எனக்குப் பயம். ஏன் விட்டுக் குடுக்குறீங்க?"

"இல்லையே அண்ணன், எனக்குக் கை சரியில்லை."

"சரி" என்றார். நம்பவில்லை. நம்பாததைக் காட்டாமல் கீழே போனார். இவ்வளவு நல்ல மனிதரிடம் பொய் சொல்வதற்கு எனக்கு எந்த வேலைக்குப் பேர் எழுதப் போகிறார்கள்?

ஜூலை 2, சனி

மூன்றாம் ஆட்டம். பெரியவர் "நூற்றெழுபது" என்று கேட்டார். நான் உதவியிருந்தால் எளிதாக வந்திருக்கும். பாதியில் அவர் தன் கடதாசிகளைக் கவிழ்த்துப் பாயில் வைத்தார்.

"பிள்ளை, உம்மட கையைக் காட்டும்."

காட்டினேன். இஸ்பேடு ஜாக்கியும் ஒன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. இரண்டு சுற்றுக்கு முன்பே இறக்கியிருக்க வேண்டியவை.

"ஆர் இப்பிடி விளையாடச் சொன்னது?"

இவர் கூரையைப் பார்த்தார். நெய்னா அண்ணன் தன் கால் விரல்களைப் பார்த்தார்.

"பினாங்குக்கோ?" என்றார் பெரியவர். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "தில்லையம்பலம், உம்மட பேரை எழுதி நான் அந்தத் திங்களே துரைக்கு அனுப்பியாச்சு. ரெண்டு பக்கம் எழுதினன். பகிடிக்கு ஒரு கதை சொன்னால், ஒரு கட்டுக் கடதாசிக்காக ஒருத்தன்ர பிழைப்பில மண்ணைப் போடுவன் எண்டு நம்பிட்டியள். ரெண்டு பேரும்."

பெரியவர் எழுந்தார்.

"கந்தோரில பதினேழு பேர். கதையிலயும் தோக்கினம், கடதாசியிலயும் தோக்கினம், நான் சொன்ன பகிடிக்கெல்லாம் சிரிக்கினம். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கினம். இந்த வீட்டில ஓராள் எண்டாலும் நேரா விளையாடுது எண்டு இருந்தன்." கோட்டைப் போட்டுக்கொண்டார். ஒரு கை சட்டென்று நுழையவில்லை. நெய்னா அண்ணன் பிடித்துவிட்டார். "உம்மில கோபமில்லை, பிள்ளை" என்றார். கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஜூலை 9, சனி

யாரும் வரவில்லை.

ஜூலை 16, சனி

முத்துசாமி வீட்டுக்கும் பெரியவர் போகவில்லையாம். அறையில் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். நெய்னா அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "நான் போய்க் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். "பொறுங்க தங்கச்சி. மனுசனுக்கு வலிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் குடுக்கணும்" என்றார்.

ஜூலை 20, புதன்

உத்தரவு வந்துவிட்டது. பினாங்கு. ஃபர்ஸ்ட் கிளாஸ். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

இவர் கந்தோரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கீழே ஆமினா அழுதது மேலே கேட்டது. அவள் மட்டும்தான் உடனே அழத் தெரிந்தவள்.

ஜூலை 21, வியாழன்

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, "ஒரு விசயம் சொல்லவேணும்" என்றார்.

"சொல்லுங்கோ."

"முதல் ரெண்டு சனியும் வேணுமெண்டுதான் தோத்தன்."

"பிறகு?"

"பிறகு ஒருக்கா வெண்டு பாப்பம் எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"நினைச்சுக்கொண்டே இருக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆறு வருடத்தில் இப்படி ஒருமுறை சிரித்திருப்போமா?

பிறகு கேட்டார்: "போன மாசம் நான் வெண்டது... அது முழுக்கவும் நீர் விட்டுத் தந்ததுதானே?"

ஓம் என்றேன். இனிப் பொய்யில்லை.

"நான் நல்லா விளையாடினன் எண்டு நினைச்சன்" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதை மட்டும் தாங்க முடியவில்லை எனக்கு.

ஜூலை 23, சனி

காலையில் கந்தோருக்குப் போய்ப் பினாங்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரணம்: மனைவியின் உடல்நலம்.

"என்ர உடம்புக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. அதைக் கெடுப்பானேன்?"

"பகிடி விடாதேங்கோ. எட்டு வருசம் காத்திருந்தியள்!"

"காத்திருந்தன். வந்தது. வந்ததும் பாத்தால் எனக்கு இந்த மேசை போதும் போல கிடக்கு. உமக்கு இஞ்ச ஆமினா இருக்கு. கிழமைக்கு ஒரு நாள் உம்மட முகம் வேற மாதிரி இருக்கு. அங்க போய் மூண்டு அறையைக் கூட்டித்தான் பெருக்குவீர்."

நல்ல வசனம். வழியிலேயே ஒத்திகை பார்த்திருப்பார். கப்பலில் கால் வைத்தாலே தலை சுற்றுகிறவர் என்பதும் எனக்குத் தெரியும். புதுக் கந்தோரில் புதுத் துரை என்றால் ஒதுங்கி நிற்கிறவர் என்பதும் தெரியும். இதில் எனக்காக எவ்வளவு, மற்றதற்காக எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. மீன் வாங்கிப் பொரித்தேன்.

"கிழமைக்கு ஒரு நாள்" என்கிறார். அந்த ஒரு நாள்தான் இப்போது இல்லையே? கேட்கவில்லை.

ஜூலை 30, சனி

இரண்டரைக்குப் படியில் சத்தம். பெரிய கிளாக்கர். மூச்சு வாங்க வாங்க மேலே வந்தார். விளையாட அல்ல, திட்ட.

"ரெண்டு பக்கம்! என்ர கையால ரெண்டு பக்கம் எழுதினன்! 'கடமையில் தவறாதவர், நிதானமுள்ளவர்' எண்டு. இப்ப துரை என்னைக் கூப்பிட்டுக் கேக்கிறார், இதுதான் உம்மட நிதானமுள்ள ஆளோ எண்டு. நான் என்ன சொல்ல? முத்துசாமியின்ர பேரைக் குடுத்திட்டு வாறன்!"

அரை மணி நேரம் நின்றுகொண்டே திட்டினார். இவர் கைகட்டிக் கேட்டார். சத்தம் கேட்டு நெய்னா அண்ணன் கடையை விட்டு மேலே ஓடி வந்தார். பெரியவர் என்னைப் பார்த்து, "உமக்கென்ன வருத்தம்? நல்லாத்தானே இருக்கிறீர்?" என்று ஒரு அதட்டல். "நல்லாத்தான் இருக்கிறன்" என்றேன்.

திட்டு முடிந்தது. நான்கு பேரும் முன்னறையில் நின்றோம். நான்கு பேர். அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கடைசியில் நெய்னா அண்ணன்தான், "கால் வலிக்குதுங்க, உக்காருவோமா?" என்றார்.

பாயை விரித்தேன். பெரியவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிரே கூட்டாளி இடத்துக்குப் போகும்போது இவர் குறுக்கே வந்தார். "இண்டைக்கு நான் என்ர மனிசியோட இருக்கிறன்."

"விருப்பம்" என்றார் பெரியவர். என்னிடம், "பிள்ளை, எதிரியா இருந்தாலும் சரி. நேரா விளையாடும்."

"நேராத்தான்."

தோற்றோம். ஏழு ஆட்டத்தில் ஏழு. எல்லாம் நேர்மையான தோல்வி. எனக்கு எதிரே இருந்தவர் அப்படி.

ஆகஸ்ட் 6, சனி

தோல்வி. நான் ஒருமுறை இவரைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். "வேணுமெண்டு செய்யேல்லை" என்றார். தெரியும்.

ஆகஸ்ட் 13, சனி

முத்துசாமி திங்கட்கிழமை கப்பலேறிவிட்டார். இவர் துறைமுகம் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். முத்துசாமி கண் கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டாராம். "என்னைவிட நல்லவன் நீ" என்றாராம். இவர் அதை மறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இன்றைய கடைசி ஆட்டம். பெரியவர் "இருநூறு" என்று கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைத்தார். முகத்தில் ஒரு புன்னகை. அந்தப் புன்னகைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு மாதம் அவருடைய கூட்டாளியாக இருந்தவள். கிளாவராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இவரிடம் சொல்ல வழியில்லை, சொன்னாலும் விளங்காது.

பெரியவர் இஸ்பேடு ஜாக்கியை இறக்கினார். முப்பது புள்ளி. யாரும் தொட முடியாது என்ற தைரியம். நான் இஸ்பேடு ஏழைப் போட்டேன். நெய்னா அண்ணன் ராஜாவைக் கொடுத்தார். இவர் கையில் இஸ்பேடு இல்லை. அப்படியென்றால் வேறு ஏதாவது ஒன்றைக் கவிழ்த்துப் போட வேண்டும். உதவாத எட்டையோ ஏழையோ போடுவது வழக்கம். இவர் யோசித்தார். கண்ணைச் சுருக்கினார். ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்.

துரும்பு வைத்தவர் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரியவர் திருப்பினார்.

கிளாவர் ஒன்பது.

அதுதான் துரும்பு. ஜாக்கி வெட்டுப்பட்டது. இது துரும்பென்று இவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இருபது புள்ளியுள்ள கடதாசியை விளையாட்டுத் தெரிந்தவன் எவனும் அப்படித் தூக்கிப் போடமாட்டான். கைக்கு எட்டியதைப் போட்டார், அவ்வளவுதான். ஆனால் நெய்னா அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு இவரைப் பார்த்தார். இவரும் முகத்தை ஒரு மாதிரி அசையாமல் வைத்துக்கொண்டார். அந்த நாடகம் மட்டும் இவருக்கு நன்றாக வரும்.

பெரியவர் தன் பக்கத்துப் புள்ளிகளைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஐந்து குறைவு.

"இது என்ன விளையாட்டு! ஒன்பதை ஆர் இப்பிடிப் போடுவினம்? ஆர் போடுவினம் எண்டு கேக்கிறன்!" கடதாசிகள் பாயெல்லாம் சிதறின. முகம் சிவந்து, கோட்டையும் போடாமல், யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இவர் வெளிறிப் போனார். "கோவிச்சுக்கொண்டு போறார்."

"ஓம்" என்றேன். "நல்லாக் கோவிச்சுக்கொண்டுதான் போறார்."

சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னலுக்கு ஓடினேன். கீழே பஃபலோ ரோட்டில் பெரிய கிளாக்கர் ரிக்‌ஷாவில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். சீனக் கிழவனான ரிக்‌ஷாக்காரனுக்கு, உரத்த தமிழில், விரல் விட்டு எண்ணி எண்ணி, முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவனும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.